ஏலத்தைத் துளைப்பது ஒன்று, ஆமணக்கைத் துளைப்பது வேறொன்று: நம் மஞ்சளில் இருப்பது எது?

மலையில் புதிய அந்துப்பூச்சி இனம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் சேலம், நாமக்கல் பக்கத்து விவசாயி என்ன நினைப்பார்? ஒன்று, 'அது மலைக்காரர் பாடு' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். இல்லையென்றால், மக்காச்சோளத்தில் படைப்புழு வந்து இறங்கிய காலத்தை நினைத்து, 'இது எதைத் தின்ன வருகிறதோ' என்று பதறுவார். பெரும்பாலான செய்திகளுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை. ஆனால் நின்று படித்து, நம் வயலோடு பொருத்திப் பார்க்க வேண்டிய செய்தியும் அபூர்வமாக வரும். அப்படி வந்து, நம் பகுதியில் யாரும் பெரிதாகப் பேசாமல் போன ஒரு பூச்சியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதன் பெயர் கொனோகீதஸ் சஹ்யாத்ரியென்சிஸ். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் பொருள் எளிது. சஹ்யாத்ரி என்றால் மேற்குத் தொடர்ச்சி மலை. அந்த மலையைச் சேர்ந்தது என்று அர்த்தம். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.ஆர்.ஷஷாங்க், கர்நாடகத்தைச் சேர்ந்த வசந்த் கம்மார், ஏ.கே.சக்ரவர்த்தி, ஐரோப்பிய ஆய்வாளர் ரிச்சர்ட் மல்லி ஆகிய நால்வரும் 2018-ல் 'ஜூடாக்சா' என்ற ஆய்விதழில் இதை விவரித்துப் பெயர் வைத்தார்கள். ஏலச் செடியின் தண்டையும் பூங்கொத்தையும் காயையும் துளைத்துத் தின்னும் புழுவின் தாய் அந்துப்பூச்சி இது. போடி மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். தண்டில் ஓட்டை, ஓட்டை வாயில் மரத்தூள் மாதிரி எச்சம், நடுக்குருத்து காய்ந்து நிற்பது என்று அடையாளம் சொல்வார். அவருக்கு இது தாத்தா காலத்திலிருந்தே பழக்கமான எதிரி.

பிறகு எப்படி 'புதிய இனம்' ஆனது? இதுவரை அதை வேறொரு பூச்சியின் பெயரில் அழைத்துவந்தோம். அந்த வேறொரு பூச்சி நம்முடையது. ஆமணக்குக் குலையில் காய்களை நூலாம்படையால் பின்னிக் கட்டி, எச்சத்தால் மூடி, உள்ளேயிருந்து பருப்பைத் தின்னும் காய்த் துளைப்பான் இருக்கிறதே, அதன் பெயர் கொனோகீதஸ் பங்டிஃபெராலிஸ். 1854-ல் கெனே என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். அவர் தொழிலால் வழக்கறிஞர், பூச்சி பிடிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. 'புள்ளிகளைச் சுமப்பது' என்பது அந்தப் பெயரின் பொருள். பெயர் பொருத்தம்தான். மஞ்சள் நிறச் சிறகு, அதில் மிளகைத் தூவியது போலக் கரும்புள்ளிகள். சிறகை விரித்தால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இருக்கும். பிரச்சினை என்னவென்றால், ஏலத்தில் கிடைக்கும் பூச்சியும் பார்வைக்கு இதே மஞ்சள், இதே புள்ளிகள். அதனால் பழைய பயிர்ப் பாதுகாப்புப் புத்தகங்களைத் திறந்தால் ஏலம், இஞ்சி, மஞ்சள், ஆமணக்கு, கொய்யா, மாதுளை என எல்லாவற்றின் கீழும் இந்த ஒரே பெயர்தான் இருக்கும். எல்லாவற்றையும் தின்னும் ஒரே பூச்சி என்றுதான் வேளாண் கல்லூரியில் படித்தவர்களும் படித்தார்கள், நமக்குச் சொன்னவர்களும் சொன்னார்கள்.

கர்நாடகத்தில் ஆமணக்கிலும் ஏலத்திலும் கிடைத்த புழுக்களைத் தனித்தனியாக வளர்த்து ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் சந்தேகம் வந்தது. பழக்கம் ஒன்றுபோல இல்லை. ஆமணக்கில் கிடைப்பது பலவகைச் செடிகளில் வாழும். ஏலத்தில் கிடைப்பது அப்படியில்லை. பிறகு மரபணுவைப் பார்த்தார்கள். நுண்ணோக்கியின் கீழ் உடற்கூறைப் பார்த்தார்கள். அந்துப்பூச்சிகளில் சிறகு நம்மை ஏமாற்றலாம். ஆண், பெண் பூச்சியின் பின்னுடல் உறுப்புகளின் அமைப்பு அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. இனத்துக்கு இனம் அது பூட்டும் சாவியும் போல மாறும். அதைப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்துப் படம் வரைந்து, எது எதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுதி, அந்த விவரிப்புக்கு ஆதாரமான பூச்சியை எல்லோரும் போய்ப் பார்க்கும்படி ஒரு அருங்காட்சியகத்தில் வைத்தால்தான் புதிய இனம் என்று ஏற்பார்கள். பத்திரப் பதிவு மாதிரிதான். நிலம் ஏற்கெனவே இருக்கிறது. எல்லையை அளந்து, கல் நட்டு, எழுதி வைத்தால்தான் அது யாருடையது என்று வழக்கு தீரும்.

ஜப்பானில் இதே குடும்பத்தில் இதற்கு முன்பே ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. பீச், செஸ்நட் போன்ற பழங்களைத் துளைக்கும் ஒரு வகையும் ஊசியிலை மரங்களைத் தின்னும் ஒரு வகையும் ஒரே பெயரில் இருந்தன. இரண்டும் வேறு என்று 1980-களிலேயே அங்குள்ளவர்கள் எழுதினார்கள். ஊசியிலை மரத்துப் பூச்சிக்கு 2006-ல் தனிப்பெயர் வைத்தார்கள். கத்தரியிலும் இது நடந்தது. நம் கத்தரிக்காயைத் துளைக்கும் புழுதான் ஆப்பிரிக்காவிலும் துளைக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, 2015-ல் பார்த்தபோது அங்கிருப்பவை வேறு இனங்கள் என்று தெரிந்தது. அந்த ஆய்வுக்கும் முதல் ஆசிரியர் மேலே சொன்ன ரிச்சர்ட் மல்லிதான்.

ஆமணக்கை வெட்டலாமா?

இனி நம் வயலுக்கு வருவோம். ஆத்தூர், கெங்கவல்லி, ராசிபுரம், நாமகிரிப்பேட்டை வட்டாரத்தில் மஞ்சள் போடும் பலர் வரப்பு ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் ஆமணக்கு, நம் பேச்சில் கொட்டமுத்து, ஊன்றி விடுகிறார்கள். கொஞ்சம் நிழல், கொஞ்சம் காற்றுத் தடுப்பு, மஞ்சள் வெட்டுவதற்குள் கைச்செலவுக்குக் கொஞ்சம் முத்து. இலை தின்னும் புரொடீனியாப் புழுவுக்கு ஆமணக்கு இலை மிகவும் பிடிக்கும் என்பதால் அதைப் பொறிப்பயிராகவும் வைக்கச் சொல்கிறார்கள். முட்டைக் குவியலும் சல்லடையாக அரிக்கப்பட்ட இலையும் ஆமணக்கில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், பறித்து அழிப்பது எளிது.

மஞ்சளில் நடுக்குருத்து காயத் தொடங்கினால் முதல் பழி இந்த ஆமணக்கின் மேல் விழுகிறது. 'அதே துளைப்பான்தான் இதிலும், நீயே வளர்த்து விடுகிறாய், முதலில் கொட்டமுத்தை வெட்டு' என்று சொல்வார்கள். பழைய புத்தகத்தின்படி இதில் தவறில்லை. இரண்டும் ஒரே பூச்சி என்றால் ஆமணக்குக் குலை அதற்குத் தொட்டில்தான். ஆனால் 2018-க்குப் பிறகு அந்தப் புத்தகத்தின் வரியை அப்படியே நம்பிக் கத்தியை எடுக்க முடியாது. ஏலமும் மஞ்சளும் ஒரே இஞ்சிக் குடும்பம். ஆமணக்கு முற்றிலும் வேறு குடும்பம். ஏலத்தில் இருப்பது ஆமணக்கில் இருப்பதில்லை என்று எழுதி வைத்தாகிவிட்டது. அப்படியிருக்க, நம் வயலில் மஞ்சள் தண்டுக்குள் இருக்கும் புழு மலைப் பூச்சியின் பக்கமா, ஆமணக்குப் பூச்சியின் பக்கமா என்பது முடிவு செய்ய வேண்டிய கேள்வி. கோழிக்கோட்டிலோ பெங்களூருவிலோ எடுத்த மாதிரியை வைத்து ஆத்தூர் வயலுக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது. ஆத்தூர் மஞ்சளில் இருந்து புழு எடுத்து, அந்துப்பூச்சியாக வளர்த்து, பெயர் சொல்லத் தெரிந்தவர் கையில் கொடுத்துத்தான் எழுத வேண்டும்.

விடை எதுவாக இருந்தாலும் நமக்குக் காசு கணக்கு மாறும். மஞ்சளில் இருப்பது ஆமணக்குப் பூச்சிதான் என்றால், மஞ்சள் இளந்தண்டாக இருக்கும் மாதங்களில் பக்கத்தில் ஆமணக்கு காய்த்து நிற்காதபடி பட்டத்தைத் தள்ளி வைக்கலாம், அல்லது தாக்கிய குலைகளை முதலிலேயே ஒடித்து எரிக்கலாம். மலைப் பூச்சியின் பக்கம் என்றால் ஆமணக்கைத் தொட வேண்டியதே இல்லை. அப்போது கவனம் விதைக்கிழங்கு வந்த இடம், பக்கத்து மஞ்சள் வயல், காட்டு மஞ்சள், காட்டு இஞ்சி வளரும் மலையடிவாரம் ஆகியவற்றின் மேல் போக வேண்டும். சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, போதமலை என்று நாலாபக்கமும் மலை சூழ்ந்த சமவெளி இது. 'மலைப் பூச்சி நமக்கெதற்கு' என்று சொல்ல நம்மால் முடியாது.

இனக்கவர்ச்சிப் பொறிக்கும் இதே கதைதான். பெண் அந்துப்பூச்சி வெளியிடும் வாசனையைச் செயற்கையாகச் செய்து குப்பியில் அடைத்துத் தொங்கவிடுகிறோம். ஆண் பூச்சி அந்த வாசனைக்கு வருவது, அது தன் இனத்தின் வாசனையாக இருப்பதால்தான். நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்களுக்குக் கலவை விகிதம் மாறினாலே போதும், பொறி காலியாகத் தொங்கும். பொறி காலியாக இருப்பதைப் பார்த்து 'பூச்சி இல்லை' என்று நினைத்துச் சும்மா இருந்தவருக்கும், 'பொறி ஏமாற்று வேலை' என்று கழற்றி எறிந்தவருக்கும் நஷ்டம் ஒன்றுதான்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. மருந்துக்கடை வாசலில் அதைக் கேட்கலாம். 'எந்தப் பூச்சியாக இருந்தால் என்ன, டேங்கில் கலந்து அடிக்கும் மருந்துக்குப் பெயர் தெரியுமா? இரண்டும் சாகும்தானே?' சாகும், மருந்து அதன் மேல் பட்டால். இந்தப் புழு பொரித்த கொஞ்ச நேரத்தில் தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ போய்விடும். உள்ளே போனபின் மேலே அடிக்கும் மருந்து இலையை நனைத்துவிட்டு மண்ணில் இறங்கும். ஆகவே அடிக்கும் நேரம்தான் எல்லாம். தாய்ப்பூச்சி எப்போது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அந்த நேரத்தைப் பிடிக்க முடியாது. காய்ந்த குருத்தைப் பார்த்தபின் அடிக்கும் முதல் டேங்க், ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவுக்கு ஒன்றும் செய்வதில்லை. அது கொல்வது வெளியே திரியும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் சிலந்திகளையும்தான். ஆமணக்கில் ஏரி பட்டுப்புழு வளர்ப்பவர் வீட்டுப் பக்கம் அடித்தால் இன்னொரு சண்டையும் வரும். அந்தப் பட்டுப்புழுவும் அந்துப்பூச்சியின் பிள்ளைதானே.

பெயர் தப்பினால் என்ன ஆகும்

பெயரைப் பிடித்துத் தொங்குவது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு மரவள்ளியின் கதையைச் சொல்ல வேண்டும். பூச்சி வேறு, அந்துப்பூச்சி இல்லை. ஆனால் சேகோ ஆலைகளை நம்பியிருக்கும் நம் மாவட்டங்களுக்கு இதைவிட நெருக்கமான கதை கிடையாது.

1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி தோன்றியது. நாடு நாடாகப் பரவி, கிழங்கை நம்பியிருந்த கோடிக்கணக்கானவர்களின் சோற்றில் கை வைத்தது. மரவள்ளியின் தாயகம் தென்னமெரிக்கா என்பதால் பூச்சியும் அங்கிருந்துதான் வந்திருக்கும், அதன் ஒட்டுண்ணியும் அங்கேதான் இருக்கும் என்று தேடப் போனார்கள். வடக்குத் தென்னமெரிக்காவில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அச்சு அசல் அதே மாதிரி. அதன் ஒட்டுண்ணிகளைப் பிடித்துக் கொண்டுவந்து சோதித்தால், ஆப்பிரிக்க மாவுப்பூச்சியை அவை சீண்டவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. கிடைத்தது வேறு இனம். ஆப்பிரிக்காவில் இருந்ததற்கு 1977-ல் ஃபீனகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயர் வைத்தார்கள். தென்னமெரிக்காவின் வடக்கே கிடைத்ததற்கு 1981-ல் ஃபீனகாக்கஸ் ஹெரெனி என்று தனிப்பெயர் வந்தது. உண்மையான பூச்சி அதே 1981-ல் பராகுவேயில் கிடைத்தது. அங்கே அதன் மேல் முட்டையிடும் அனகைரஸ் லோபெசி என்ற மிகச் சிறிய குளவியும் கிடைத்தது. அந்தக் குளவியை ஆப்பிரிக்காவில் விட்ட பிறகு மாவுப்பூச்சி அடங்கியது. அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரெனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். (தேடலில் கிடைத்த தவறான பூச்சிக்குத்தான் அவர் பெயர் போய் ஒட்டிக்கொண்டது என்பது ஒரு வேடிக்கை.)

இதே மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் தலைகாட்டி, சேலம், நாமக்கல் மரவள்ளித் தோட்டங்களுக்கும் வந்தது. நுனி சுருண்டு, கணு நெருங்கி, செடி கட்டைப் புல் மாதிரி நின்றதைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. இங்கே பெயரைக் கண்டுபிடிப்பதில் தடுமாற்றம் இல்லை. பெயர் உறுதியானதும், அதற்கான குளவி எது, எந்த நாட்டில் வளர்க்கிறார்கள் என்பதும் கூடவே தெரிந்துவிட்டது. பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியைத் தருவித்து வளர்த்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் முன்னிலையில் வெளியிட்டது. ஆப்பிரிக்காவில் பல ஆண்டு இழுத்த வேலை இங்கே இரண்டு ஆண்டுக்குள் முடிந்ததற்கு, யாரோ ஒருவர் முன்பே நுண்ணோக்கியில் குனிந்து உட்கார்ந்து பெயரைச் சரிசெய்து வைத்திருந்ததும் ஒரு காரணம்.

மக்காச்சோளப் படைப்புழுவையும் இங்கே பார்க்க வேண்டும், ஏனென்றால் 'புதியது' என்ற சொல் அங்கே வேறு பொருளில் வருகிறது. ஸ்போடாப்டெரா ஃப்ருகிபெர்டா 1797-லேயே பெயர் பெற்ற அமெரிக்க அந்துப்பூச்சி. 2016-ல் ஆப்பிரிக்காவுக்கு வந்தது. 2018-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் முதலில் தெரிந்து, அதே பருவத்தில் நம் மக்காச்சோளத்திலும் இறங்கியது. நாமக்கல் கோழிப்பண்ணைத் தீவனத்துக்கு மக்காச்சோளம் போட்டவர்கள் எத்தனை தடவை மருந்து அடித்தார்கள் என்பது அவரவருக்குத் தெரியும். தொடக்கத்தில் அதைப் பழைய வெட்டுப்புழு என்று நினைத்து அடித்தவர்கள் உண்டு. தலையில் தலைகீழ் ஒய் எழுத்து, வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் என்ற அடையாளம் ஊருக்கு ஊர் போய்ச் சேர்ந்தபின்தான் குருத்துக்குள் மருந்து இறங்கும்படி அடிக்க வேண்டும் என்பதும் போய்ச் சேர்ந்தது. ஆக, படைப்புழு நமக்குப் புதிய வரவு, பெயர் மட்டும் பழையது. ஏலத்துப் பூச்சியோ பழைய குடித்தனக்காரர், பெயர்தான் புதியது. அடுத்த முறை 'புதிய பூச்சி' என்று தலைப்பைப் பார்த்தால் இந்த இரண்டில் எது என்று முதலில் கேளுங்கள். முதல் வகைக்குத்தான் அவசரமாக ஓட வேண்டும். இரண்டாவதில், பழைய பரிந்துரைகளை எடுத்துத் திருத்தச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

அப்படித் திருத்துவது இங்கே சுணங்கிக் கிடக்கிறது என்பது என் எண்ணம். 2018-ல் இனம் பிரிந்தது. பயிற்சிக் கூட்டங்களில் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தில் மஞ்சளின் கீழும் ஆமணக்கின் கீழும் ஒரே பெயர் இன்னும் இருந்தால், அதைக் கையில் வைத்திருக்கும் உதவி தோட்டக்கலை அலுவலர் கேள்வி எழுப்ப வேண்டும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு அலுவலருக்கு எத்தனை கிராமம், எத்தனை திட்டம், எத்தனை செயலிப் பதிவு என்று நமக்குத் தெரியும். பூச்சியை ஊசியில் குத்திப் பெயர் சொல்லும் படிப்பு, அதாவது வகைப்பாட்டியல், இளைஞர்களை ஈர்க்கவில்லை. வேலை குறைவு, பெயர் கிடைக்காது, ஒரு இனத்தைத் தீர்மானிக்கப் பல ஆண்டு ஆகும். வெள்ளைக்காரர் காலத்தில் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஹாம்ப்சன், பொழுது போகாமல் அந்துப்பூச்சி பிடிக்க ஆரம்பித்து, 1891-ல் நீலகிரி மாவட்ட அந்துப்பூச்சிகளுக்கு ஒரு புத்தகமே எழுதினார். அதன்பின் இந்திய அந்துப்பூச்சிகளுக்கு நான்கு தொகுதி எழுதினார். நம் கொல்லிமலைக்கும் சேர்வராயனுக்கும் அப்படி ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நான் கேட்டால் சிரிப்பீர்கள். குறைந்தபட்சம் மஞ்சள், ஆமணக்கு, மரவள்ளி, மக்காச்சோளம், நிலக்கடலை இந்த ஐந்திலும் இங்கே கிடைக்கும் அந்துப்பூச்சிகளுக்காவது ஊர், பயிர், தேதி எழுதிய மாதிரிப் பெட்டி ஒன்று மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஏத்தாப்பூரில் ஆமணக்குக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோவையில் வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது. வயலுக்கும் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம்தான் இல்லை. மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் தண்ணீருக்கும் காப்பீட்டுக்கும் நடுவே இதையும் ஒரு மனுவாகக் கொடுங்கள்: 'எங்கள் மஞ்சள் தண்டுத் துளைப்பானின் இனத்தை மாதிரி எடுத்து உறுதி செய்து, அதற்கேற்ற பரிந்துரை தர வேண்டும்.' ஒரே வரி போதும்.

மனு போகட்டும், மாதிரி எடுங்கள்

அதற்குள் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. செலவில்லாதது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் செய்யலாம்.

மஞ்சளில் நடுக்குருத்து காய்ந்து, தண்டில் ஓட்டையும் எச்சமும் தெரிந்தால், அந்தத் தண்டைக் கீழே வெட்டி எடுங்கள். அப்படி வெட்டுவது பயிருக்கும் நல்லதுதான், எப்படியும் வெட்டி அழிக்க வேண்டிய தண்டு. எரிக்கும் முன் நன்றாக வளர்ந்த புழு உள்ள நாலைந்து தண்டுகளை மட்டும் ஒதுக்கி, துண்டாக நறுக்கி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். அடியில் காகிதம் விரித்தால் ஈரம் கோர்க்காது. நிழலில் வையுங்கள். தண்டு அழுகத் தொடங்கினால் புதுத் துண்டு மாற்றுங்கள். ஓரிரு வாரத்தில் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சி வெளியே வரும். ஒரு நாள் சிறகு விரித்துக் காய விட்டு, டப்பாவோடு குளிர்சாதனப் பெட்டியின் ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்தால் போதும். தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடக்கூடாது, சிறகின் தூள் போனால் பாதி அடையாளம் போய்விடும். பஞ்சு வைத்த தீப்பெட்டியில் வைத்து மூடுங்கள். மரபணுப் பரிசோதனைக்குக் காய்ந்த பூச்சியின் ஒரு கால் போதும் என்பதால் அந்தத் தீப்பெட்டி நீங்கள் நினைப்பதைவிட மதிப்புள்ளது.

அந்துப்பூச்சிக்குப் பதில் டப்பாவுக்குள் சிறு குளவிகள் பறந்தால் ஏமாற்றமடைய வேண்டாம். புழுவைக் கொன்ற ஒட்டுண்ணி அது. அதையும் பத்திரப்படுத்துங்கள், உங்கள் வயலில் கூலி வாங்காமல் வேலை செய்பவர் யார் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இதே மாதிரி ஆமணக்குக் குலையிலிருந்தும் ஒரு டப்பா தனியாக வையுங்கள். இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்துவிட்டால் எல்லாம் வீண். தீப்பெட்டியின் மேல் பென்சிலால் எழுத வேண்டியவை: எந்தப் பயிர், தண்டா காயா, ஊர், தேதி. இந்த நான்கு இல்லாத பூச்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வாளருக்குப் பயனில்லை. சேலம்காரர்கள் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும், நாமக்கல்காரர்கள் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் கொடுத்து, பெயர் உறுதி செய்து தரும்படி எழுத்துமூலம் கேளுங்கள். வாங்கிக்கொள்ளும் அலுவலர்கள் தயவுசெய்து அதை மேசை இழுப்பறையில் போடாமல் ஏத்தாப்பூருக்கோ கோவைக்கோ அனுப்ப வேண்டும். அட்மா திட்டப் பயிற்சிக்கு ஆள் சேர்க்கும்போது, ஒரு பயிற்சியாவது இப்படிப் பூச்சி வளர்த்துப் பார்ப்பதற்கு இருக்கட்டும்.

இன்னொரு சின்னக் கணக்கும் எடுங்கள். வரப்பில் ஆமணக்கு உள்ள பக்கத்தில் முதல் சில வரிசைகளில் நூறு செடிக்கு எத்தனை காய்ந்த குருத்து, வயலின் நடுவில் நூறு செடிக்கு எத்தனை, ஆமணக்கே இல்லாத எதிர் வரப்போரம் நூறுக்கு எத்தனை என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். இது பூச்சியின் பெயரைச் சொல்லாது. ஆனால் பத்து வயலின் கணக்கு சேர்ந்தால், ஆமணக்கின் மேல் விழுந்த பழியை விசாரிக்கும்போது சாட்சியாக நிற்கும். ஊரில் நான்கு பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

வைகாசி, ஆனியில் கிழங்கு ஊன்றியவர்களுக்கு ஆடி, ஆவணியில் தண்டு எழும்பி நிற்கும். அந்த மாதங்களில் வாரத்துக்கு ஒரு தடவை வயலைச் சுற்றி வந்தால் முதல் ஓட்டையைப் பார்த்துவிடலாம். அதுவரைக்கும் வரப்பில் நிற்கும் கொட்டமுத்தை யார் சொன்னாலும் வெட்டாதீர்கள்.